நான் மட்டும் பார்த்த ராஜாளி

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் பரவை மார்க்கெட்டில் என் வெங்காயக் கடையில் நான் சொல்வதுதான் விலை. ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.

போன ஐப்பசியில், வலசை வரும் பருந்துகளை எண்ணுகிறவர்களோடு நாகமலைக்குப் போனேன். எழுபது வயதில் எல்லாருக்கும் முன்னால் உச்சியைத் தொட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சற்று நேரத்தில் மேகத்தை ஒட்டி ஒரு ராஜாளி போனது. "அந்தா போகுது!" என்று கத்தினேன். மற்றவர்கள் திரும்புவதற்குள் மறைந்துவிட்டது.

குழுவை நடத்திய டீச்சர், "ரெண்டு பேரு பார்த்தாத்தாண்ணே கணக்கு" என்றார்.

"அப்ப நான் பொய் சொல்றேனா? என் கண்ணு இன்னும் கண்ணாடி கேக்கலம்மா!"

"எனக்கும் அதே சட்டந்தாண்ணே."

கோபத்தில் வானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் சாப்பிட நிழலுக்குப் போனபோது டீச்சர் கூவினார்.

"அண்ணே, பெரிய கூட்டம்! பார்த்தீங்களா?"

நான் திரும்புவதற்குள் கூட்டம் மேகத்துக்குள் போயிருக்க வேண்டும்; வெறும் வானம்தான் இருந்தது. அன்று அதுவரை ஒரு பருந்தும் கணக்கில் ஏறவில்லை. நான் 'ஆமாம்' என்றால் அந்தக் கூட்டம் ஏறிவிடும். பதிலுக்கு என் ராஜாளியையும் கேட்டு வாங்கலாம். வியாபாரிக்கு இது தெரியாதா?

"நான் பார்க்கலம்மா" என்றேன்.

அவர் முகம் வாடியது. பிறகு, "சரிண்ணே" என்று சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஒண்ணுமில்லாததை எண்ணவா அம்புட்டு உசரம் ஏறுனீக?" என்று என் மனைவி இன்னமும் கேலி செய்கிறாள். செய்யட்டும். நான் பார்த்தது ராஜாளிதான். இந்த ஐப்பசியிலும் ஏறுவேன். கோபம் வந்தால், வானத்தைப் பார்த்துக்கொண்டே கோபப்படுவேன்.