மஞ்சள் தொப்பிக்காரர்கள்

கம்பத்தை மூன்று தட்டுத் தட்டாமல் காளிராஜ் ஏறமாட்டார். சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு லைனை நிறுத்திய பிறகும், இடுப்பில் பெல்ட்டை மாட்டிய பிறகும், உள்ளங்கையால் மூன்று தட்டு. "ஏறப்போறேன்னு சொல்லிட்டு ஏறணும்லா" என்பார். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் கம்பங்களில் இருபது வருடமாக ஏறி இறங்குகிறவர். அவர் வீட்டு மின்விசிறி மட்டும் மூன்று மாதமாகச் சுற்றவில்லை. "ஊருக்கெல்லாம் கரண்டு, எனக்கு ஓலை விசிறியாக்கும்" என்று மனைவி மாரிசெல்வி இடித்துக்காட்டினால் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தூக்கணாங்குருவியைப் பற்றிக் கேளுங்கள், கையிலிருக்கும் டீ ஆறிவிடும்.

"முட்டை வைக்கிற காலத்துல ஆண் குருவிக்குத் தலையில மஞ்சத் தொப்பி வந்திரும். நமக்கும் மஞ்சத் தொப்பி. ரெண்டு பேரும் அந்தரத்துல தொங்கித்தான் வேலை பாக்கோம்" என்று ஹெல்மெட்டைத் தொட்டுக் காட்டுவார். புல்லை இழை இழையாகக் கிழித்து, ஆண் பாதிக் கூடு பின்னும். கூட்டின் உள்சுவரில் ஈரமண் அப்பும். பழுப்பு நிறப் பெண் குருவி வந்து உள்ளே உட்கார்ந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை. பிறகே வாசலுக்கு நீளமாகக் குழாய் இறங்கும். "பிடிக்கலேன்னா அப்படியே விட்டுட்டு அடுத்ததைக் கட்டுவான். சலிப்பே கிடையாதுவே."

இந்த ஆடியில் அவருக்கே ஒரு சோதனை வந்தது. குருசாமியின் தோட்டத்துக் கிணற்றோரம் ஒரு கருவேலமரம். மேற்கேயிருந்து அடிக்கும் மேல்காற்றுக்கு மறைவாக அதன் கிழக்குக் கொம்பில் பதினோரு கூடுகள். கொம்பை ஒட்டியே மின்கம்பி. காற்று தள்ளும்போதெல்லாம் கொம்பு கம்பியில் உரச, லைன் ட்ரிப் ஆகிக் கரண்டு போனது. மோட்டார் நின்றது, வெங்காயம் வாடியது. "கொம்பை இன்னைக்கே வெட்டும்வே" என்று குருசாமி ஒற்றைக்காலில் நின்றார். அவர் கோபம் நியாயமானதுதான்.

"குஞ்சு பொரிச்சிருக்கு அண்ணாச்சி. பதினஞ்சு நாள் தாங்க. இனி ஒரு தடவை ட்ரிப் ஆனாலும் நானே வெட்டிப்புடுதேன்."

லைனை நிறுத்தி மரமேறி, கொம்பை நைலான் கயிற்றால் மேற்கே இழுத்து, கிணற்றடியின் பழைய கல்தூணில் கட்டினார். தினமும் காலையில் வந்து முடிச்சைச் சோதித்தார். ஒன்பதாம் நாள் அடித்த காற்றில் மோட்டார் கொட்டகையின் தகரமே பிய்த்துக்கொண்டு போயிற்று. கூடுகள் பேயாட்டம் ஆடின. கயிறோ விறைத்து நின்றது. கொம்பு கம்பியைத் தொடவே இல்லை. மோட்டார் நிற்காமல் ஓடியது. காளிராஜ் வரப்பில் நின்று, மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் போல நெஞ்சு நிறையச் சிரித்தார்.

பதினாறாம் நாள் அதே கம்பியில் இளங்குருவிகள் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. "ஜெயிச்சிட்டேருவே" என்றார் குருசாமி. "வெங்காயமும் தப்பிச்சிட்டு. இப்ப வெட்டலாம்லா?"

கொடுத்த வாக்கு வாக்குதான். லைனை நிறுத்திவிட்டு அரிவாளோடு ஏறினார். ஒவ்வொரு கூட்டையும் விரலால் மூன்று தட்டுத் தட்டிக் காது கொடுத்தார். பத்துக் கூடுகளில் சத்தமில்லை. பதினோராவதிலிருந்து 'கீச்'சென்று பதில் வந்தது.

அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே பார்த்தார். குருசாமிக்கும் கேட்டிருந்தது. அவர் தூணருகே போய், தளர்ந்திருந்த கயிற்றைக் கையில் சுற்றி, காலை ஊன்றி இழுத்துப் பிடித்தார்.

காளிராஜ் கொம்பில் இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு, அதன்மேல் மூன்று தட்டுத் தட்டினார்.