பதினோரு காலடிக் கல்யாணம்

போன சனிக்கிழமை திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டி பிடித்து எங்கள் கிராமத்துக்குப் போனேன். அருளாயி அக்கா யாரையோ பிடித்து ஒரு போஸ்ட் கார்டு எழுத வைத்திருந்தாள். 'வர்ற ஞாயித்துக்கெழம கோயில் பெரிய வாசலை எல்லாருக்கும் தொறக்கறாங்க. ஜல்தி வா.'

ஒரு வாசலைத் திறப்பதற்கா மெட்ராஸிலிருந்து ஆள் போவது? எங்கள் மாதா கோயிலைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

அந்தக் காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கட்டியது. சிலுவை வடிவம். சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரை. இன்னும் ஒரு விரிசல் கிடையாது. அரைத்தவர்கள் எங்கள் சேரி ஆட்கள்தான். ஆனால் சிலுவையின் நீண்ட உடம்பு ஊர்க்காரர்களுக்கு... குட்டையான இடது கை எங்களுக்கு. அதற்குத் தனியாக ஒரு பக்க வாசல்.

பெரிய வாசலிலிருந்து பீடத்துக்கு ஐம்பத்திரண்டு காலடி. பக்க வாசலிலிருந்து பதினொன்று. அக்கா எண்ணி வைத்திருந்தாள்.

யுத்தத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஒரே ஓர் ஆசைதான் பட்டாள். பெரிய வாசல் வழியாக, மாப்பிள்ளையோடு மெதுவாக நடந்து வர வேண்டும். அப்பா போய், கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்ட உபதேசியாரிடம் கேட்டார்.

"பர்மா தேக்குக் கதவுப்பா. தொறக்க நாலு ஆளு வேணும். பேஜாரு பண்ணாத."

ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் மட்டும் அந்த நாலு ஆள் எப்படியோ கிடைத்துவிடுவார்கள்!

கல்யாணம் பக்க வாசல் வழியாகவே நடந்தது. "திரும்பிப் பாக்கறதுக்குள்ள பீடம் வந்துடுச்சுடா" என்று அக்கா வருஷக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், என் மாமா, தேற்றுவார். "இரு புள்ள. என்னைக்கிருந்தாலும் தொறப்பாங்க. அன்னைக்கு உன்னைக் கூட்டிக்கினு போறேன்."

மாமா சொன்ன சொல் தவறாதவர். ஆனால் யுத்த காலத்தில் பேதி கண்டு மூன்றே நாளில் போய்விட்டார். அவருடைய பெட்டியும் பக்க வாசல் வழியாகத்தான் போனது.

இப்போது புதுச் சாமியார் வந்து, எல்லாருக்கும் ஒரே வாசல் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை. சேரி ஜனம் முண்டியடித்து உள்ளே போயிற்று. அக்கா மட்டும் வெளுத்த வெள்ளைப் புடவையில் வாசற்படியில் நின்றாள். கூட்டம் அடங்கிய பிறகு நடக்க ஆரம்பித்தாள். தடுமாறுவாளோ என்று பயந்து அவளுடைய வலப்பக்கமாகப் போனேன்.

அவள் திரும்பவே இல்லை. "தள்ளிக்கோடா. அது உன் மாமா எடம்."

தள்ளிக்கொண்டேன். பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். முப்பதாவது காலடியில் கொஞ்சம் நின்றாள். மாமாவுக்கு முழங்கால் வலி உண்டு... அவர் வந்து சேரட்டும் என்று நின்றிருக்கிறாள். அதற்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. அழுதேன் என்று எழுத எனக்கென்ன வெட்கம்?

பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, அந்த பர்மா தேக்குக் கதவைச் சாத்தி, மறுபடி தள்ளித் திறந்து பார்த்தேன்.

ஒரு கையே போதும்.