செய்யாத குற்றத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

ஹனோவரில், ஆற்றங்கரையோரம் கட்டியிருக்கும் படகில்தான் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். படகு எங்களுடையது. அதை அங்கே கட்டிவைக்கும் அனுமதி நகரசபை தருவது. அது போனால் வீடு போன மாதிரி.

போன வசந்தத்தில் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. கரையில் வசிக்கும் ஒருவர் எங்கள்மேல் முறைப்பாடு கொடுத்திருந்தார்: மீன் பொரிக்கிற புகை, ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுச் சத்தம், ஆற்றில் டீசல் எண்ணெய். அனுமதியைப் புதுப்பிக்குமுன் எங்கள் பதிலைக் கேட்டிருந்தார்கள்.

மூன்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன். அகதியாக வந்த காலத்தில் படித்த பாடம் அது. அலுவலகத்தோடு வாதாடக் கூடாது, பணிந்து போய்விட வேண்டும். என் கெட்டித்தனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மனைவியிடம் சொன்னபோது அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? நாங்கள் எப்ப எண்ணெய் ஊத்தினனாங்கள்?"

"அவையோட சண்டை பிடிக்க ஏலாது. மன்னிப்புக் கேட்டால் விட்டிடுவினம்."

விடவில்லை. நாளும் நேரமும் குறித்து, டெர்மின் கொடுத்துக் கூப்பிட்டார்கள். இருவரும் போனோம். அதிகாரி ஒரு பெண். என் கடிதத்தை மேசையில் விரித்தார்.

"நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆற்றில் எண்ணெய் விட்டவருக்கு அனுமதியைப் புதுப்பிக்க முடியாது."

வழக்கம்போல இன்னொரு மன்னிப்புக்கு வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டாள். "எங்கள் படகில் எஞ்சினே இல்லை. வாங்கும்போதே கழற்றியிருந்தது. இழுத்துக்கொண்டுதான் வந்தோம்."

அதிகாரி கோப்பைப் புரட்டி, படகின் பதிவுத்தாளைப் பார்த்தார். அதிலும் அப்படித்தான் இருந்தது.

"பிறகு ஏன் மன்னிப்புக் கேட்டீர்கள்?"

பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "மரியாதைக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வெற்றுத்தாள் ஒன்றைத் தந்து, நடந்ததை மட்டும் எழுதச் சொன்னார். மீன் புகை, ஆம். பாட்டு, ஆம், குறைத்துக்கொள்கிறோம். எண்ணெய்க்கு 'இல்லை' என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்கும் நான் அந்தச் சொல்லை எழுதியதில்லை. ஒருவழியாக எழுதித் தாளை அவரிடம் நீட்டினேன்.

கோடை தொடங்குமுன் அனுமதி வந்தது. மனைவி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பயத்திலை வீட்டையெல்லோ எழுதிக் குடுக்கப் பாத்தனீங்கள்."

அந்த முதல் கடிதத்தில் கையெழுத்தும் போட்டுத்தான் கொடுத்திருந்தேன்.