இடுப்பு உயரக் கீரை

முதுகில் ஆபரேஷன் முடிந்தபோது டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், குனியவே கூடாதென்று. ஆறு மாதமாகியும் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் என்னால் நிற்க முடியவில்லை. மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலோர குவார்ட்டர்ஸில், வெறும் மணலில் எருவைக் கொட்டிக் கொட்டி நான் உண்டாக்கிய கீரைப் பாத்தியை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். இனிமேல் நான் எதுக்குமே லாயக்கில்லை என்று அழுதேன். சும்மா அழவில்லை, எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டே அழுதேன்.

என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, டேப்பால் இடுப்பு உயரம் அளந்தார். திருப்போரூரிலிருந்து பிளாஸ்டிக் பைப் வாங்கி வந்து, ஓட்டை போட்டு, வீட்டுப் பின்பக்கம் அதே உயரத்துக்கு ஸ்டாண்ட் கட்டினார். மண்ணே கிடையாது. ஸ்டூல் மேல் ஒரு தொட்டி, உரம் கலந்த தண்ணீர், சின்ன மோட்டார். தண்ணீர் பைப்புக்குள் ஓடி, வேரை நனைத்துவிட்டுத் தொட்டிக்கே திரும்பும்.

"ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தற மாதிரி இருக்கு. இதெல்லாம் ஒரு தோட்டமா?" என்றேன்.

மீன் கொண்டுவரும் அம்மாவும் கன்னத்தில் கைவைத்தாள். "இன்னாக்கா இது, கீரைக்கு மண்ணு வேணாமா?"

ஆனால் பைப்பில் வைத்த பாலக்கீரை, பாத்தியில் அவர் விதைத்ததை முந்திக்கொண்டு வளர்ந்தது. களை இல்லை, புழு இல்லை. ருசி மட்டும் மண்ணில் வளர்ந்ததற்குத்தான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பகலில் இரண்டு மணி நேரம் கரண்டைப் பிடுங்கிய வருஷம் அது. ஒருநாள் பத்து மணிக்கு மோட்டார் நின்றது. மண்ணுக்கென்ன, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பைப்பில் அரை மணியிலேயே இலையெல்லாம் துவண்டுவிட்டது. அடப் பாவமே! சொம்பை எடுத்தேன். தொட்டியில் மோந்து பைப்பின் மேல்முனையில் ஊற்றினேன். வழிந்து வந்ததை மறுபடி மோந்தேன். "குடி கண்ணு, குடி" என்று பேசிக்கொண்டே ஊற்றினேன்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வந்தவர் என்னைத் தேடிப் பின்பக்கம் வந்தார்.

"கரண்ட் எப்போ போச்சு?"

"பத்து மணிக்கே! உங்க மோட்டாரை நம்பியிருந்தா அவ்வளவுதான், எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்!"

கீரையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்போலேர்ந்து நின்னுக்கிட்டா இருக்கே?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உட்காரணும்னே தோணலைங்க" என்றேன். சொம்பைக்கூடக் கீழே வைக்காமல் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.