குக்கு அங்கிள் எழுந்து நின்றார்

பள்ளி ஒன்றுகூடலுக்கு வாட்சப் குழு ஆரம்பித்த அன்றே எனக்குத் தலைவலியும் ஆரம்பித்துவிட்டது. குழுவைத் தொடங்கியவன் சார்ஜன் மேஜர் மகன். வேறு யார் தொடங்குவார்கள்? வகுப்புத் தலைவனும் அவன்தான், விளையாட்டுப் போட்டியில் கொடி பிடித்து முன்னால் நடந்தவனும் அவன்தான். நாங்கள் எல்லாரும் மலேசிய ராணுவ முகாம் குவாட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள். அப்பாவுக்கு என்ன பதவியோ அந்த மரியாதைதான் பிள்ளைக்கும். என் அப்பா மெஸ்ஸில் சமையல்காரர். லான்ஸ் கோப்ரல் என்ற அடிமட்டப் பதவியோடு நின்றுவிட்டார். அதனால் பள்ளியில் எனக்குப் பெயரே கிடையாது, 'குக்கு மகள்' என்பார்கள்.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளை எடுத்தாகிவிட்டது. குழுவில் ஒருத்தி "இந்த நம்பர் யாரு?" என்று கேட்டதற்கு, "குக்கு அங்கிள் மகள் லா" என்று வருகிறது பதில். நாசமாய்ப் போங்கள் என்று குழுவிலிருந்து வெளியேறப் போனேன். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கோலா சிலாங்கூர் மண்டபத்தில் மதியம் பிரியாணி; உயிரோடு இருக்கும் அப்பாக்களையும் கட்டாயம் அழைத்து வரவேண்டும்.

அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். முகாமில் ஆண்டுதோறும் குடும்ப தினம் நடக்கும். கூடாரம் போட்டு அதிகாரிகள், சார்ஜன்கள், அவர்கள் வீட்டம்மாக்கள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்பா கரண்டியும் கையுமாக அடுப்புப் பக்கமே நிற்பார். ஒரு தடவைகூட அவர் அந்த மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்த முறை உட்காருவார், இன்னொருவர் அவருக்குப் பரிமாறுவார், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அப்பா ரவாங்கில் என் வீட்டில்தான் இருக்கிறார். முட்டி போய்விட்டது. நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்குச் 'சார்' என்றால் சார்ஜன் மேஜர் ஒருவர்தான். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார் வர்றாரா?"

"யாரு வந்தா நமக்கு என்னாப்பா? நீங்க சாப்பிட வர்றீங்க."

"சார் வந்தா சமையலை யாரு பாத்துக்கிறது?"

"கேட்டரிங்ப்பா! கடைக்காரர் பாத்துக்குவாரு!"

அவருக்குத் திருப்தியில்லை. ஒன்றுகூடலன்று வழியெல்லாம் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு லோரிக்கும் அப்பா "லேட்டாயிருச்சு பாப்பா, லேட்டாயிருச்சு" என்று உயிரை வாங்கினார்.

மண்டபத்துக்குள் போனால், மேசைகளைப் பதவி வாரியாகப் போட்டு வைத்திருக்கிறான் சார்ஜன் மேஜர் மகன், புண்ணியவான்! முன்வரிசை சார்ஜன் மேஜர் வீட்டுக்கு, அடுத்தது ஸ்டாஃப் சார்ஜன்களுக்கு. எங்கள் மேசை கடைசியில், சமையலறைக் கதவை ஒட்டி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவனிடம் போனேன்.

"எல்லாரும் பென்சன் வாங்கிக் கிழவங்களாயிட்டாங்க. இன்னுமா ரேங்க் பாக்கிறே?"

"ஐயோ, அப்படிலாம் இல்ல லா. பெரியவங்களுக்கு அதுதான் பழக்கம். மாத்திப் போட்டா அவங்கதான் சங்கடப்படுவாங்க."

அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் என்னை இன்னும் கடுப்பேற்றியது. திரும்பிப் பார்த்தால், யாரும் காட்டாமலே அப்பா அந்தச் சமையலறைக் கதவோரத்து நாற்காலியைக் கண்டுபிடித்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

போகட்டும், உட்கார்ந்தாரே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரியாணிக் கடைக்காரரே தட்டோடு வந்தார். "நல்லா சாப்பிடுங்க அத்தா" என்று சொல்லி, பெரிய கறித்துண்டாகப் பார்த்து வைத்தார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் சலசலப்பு. சார்ஜன் மேஜரைச் சக்கர நாற்காலியில் வைத்து மகன் தள்ளிக்கொண்டு வந்தான். அந்தக் காலத்தில் அவர் இருமினால் முகாமே நிமிரும். இப்போது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாரும் மரியாதைக்கு எழுந்து, உடனே உட்கார்ந்தார்கள்.

அப்பாவும் எழுந்தார். உட்காரவில்லை.

"உக்காருங்கப்பா, முட்டி வலிக்கும்."

"சார் சொல்லட்டும்."

"அவருக்கு ஆளே தெரியலப்பா!"

"சொல்லுவாரு. இரு."

இடது கையால் மேசையைப் பிடித்திருந்தார். முட்டி வெடவெடவென்று ஆடியது. தோளை அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. கெஞ்சிப் பார்த்தேன். பிறகு பொறுக்கமுடியாமல் முன்மேசைக்கு ஓடினேன்.

"உங்கப்பாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. எங்கப்பா விழுந்துருவாரு!"

அவன் குனிந்து அவர் காதில் சொன்னான். "அப்பா, குக்கு அங்கிள் நிக்கிறாரு. உக்காரச் சொல்லுங்க." பெரியவர் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. மகன் துடைத்துவிட்டான்.

"என்னையே யாருன்னு கேக்கிறாரு. நான் என்னா செய்யட்டும், சொல்லு?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

திரும்பி வந்தேன். அப்பாவின் நெற்றியெல்லாம் வியர்வை. விரலில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்கு அந்தப் பெரியவர் மேல் ஆத்திரம், முகாமின் மேல் ஆத்திரம், எல்லாரையும்விட அப்பாவின் மேல் ஆத்திரம். சின்ன வயதில் தினமும் காலையில் திடலிலிருந்து கேட்ட சார்ஜன் மேஜரின் மலாய் அதட்டல் என் வயிற்றிலிருந்து கிளம்பியது.

"டுடோக்!"

உட்கார் என்று கட்டளை.

"யா, துவான்" என்றார் அப்பா. உத்தரவு ஐயா என்று, என்னிடம். முதுகை நிமிர்த்தி, டக்கென்று உட்கார்ந்தார்.

பிறகு நன்றாகவே சாப்பிட்டார். இன்னொரு துண்டு கறிகூடக் கேட்டு வாங்கினார். மற்ற மேசைகளில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் இப்படி ஓர் அப்பா இருந்திருப்பார். நான் தட்டைத் தொடவில்லை. நான் ஆசைப்பட்டது கண்முன்னே நடந்துகொண்டிருந்தது, எனக்கோ எழுந்து போய் யாரையாவது அறையலாம் போலிருந்தது.

திரும்பும்போது அப்பா உற்சாகமாக இருந்தார். பிரியாணியில் உப்பு ஒரு சிட்டிகை குறைவு என்றார். சார் இளைத்துவிட்டார் என்றார். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அடுத்த வருஷமும் வச்சா நீயும் கூட வா பாப்பா. அங்க உக்காரச் சொல்ல வேற ஆளில்ல."

வாயைத் திறந்தால் மறுபடியும் அதே குரல் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.