பேரிக்காய்ப் பெட்டியில் டைகர்

நீங்களே சொல்லுங்க, நாய் என்ன பேரிக்காயா?

பக்கத்து வீட்டு டீச்சரம்மா தன் நாய் டைகரோடு வெளிநாடு போகிறார். பெட்டிக்குள் நாய் எழுந்து நின்று திரும்ப முடிந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்களாம். விமானக் கம்பெனிக்காரர்கள் டிரங்க் காலில் சொன்னார்கள்.

பேரிக்காய்க்குப் பெட்டி அடிக்கும் பள்ளங்கி ஊர் ஆசாரி, இன்று நாய்ப் பெட்டியையும் இறுக்கமாக அடித்துக் கொண்டுவந்தார்.

"உள்ள உருண்டா அடிபட்டுப் போகும்ல தாயி?"

டைகரால் திரும்பவே முடியவில்லை. டீச்சரம்மா அழுதுவிட்டார். "இத விட்டுட்டு எப்படிக்கா போவேன்?"

"முருகன் இருக்கான், அழாத. ஆசாரியாரே, வெரசா பிரிச்சு அகலமா அடிங்க. சோலி முடிஞ்சாத்தான் காப்பி" என்றேன்.

சாயங்காலம் டைகர் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றியது. எங்களுக்கு மூச்சு வந்தது.

விளக்கேற்றும்போதுதான் நினைவு வருகிறது. ஆசாரியிடம் யார் சொல்வது?

இது மாசி. பயணம் ஆடியில். டைகர் இன்னும் வளர்கிற குட்டி.