நான் எழுதிக் கொடுத்த டிரைவர்

எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அப்படிப்பட்ட நான்தான், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்குப் புதிதாக வந்த டிரைவர் "மலைப் பாதையில் திறமையாக ஓட்டுகிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தின் ஆபீசில் நான் கிளார்க். அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவள் எட்டாம் வகுப்போடு நின்று மலைக்குப் போனதால்தான் நான் ஏ.எல். பரீட்சை வரை படித்தேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிவாள்.

எங்கள் பழைய டிரைவர் கட்டார் நாட்டு வேலைக்குப் போய்விட்டார். ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்போது அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர் இடத்துக்கு, ஹட்டன் டவுனில் கடைகளுக்குப் பாண் ரொட்டி கொண்டுபோகும் சின்ன வேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன் வந்தான். பெரிய வண்டிக்கு லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "நீ ஒரு தடவ ஏறிப் பாத்துட்டு ஒரு கடிதம் எழுதிப் போடு, ஃபைலுக்கு வேணும்" என்றார் தொரை. தோட்ட மேனேஜரை நாங்கள் இன்றைக்கும் தொரை என்றுதான் சொல்கிறோம். அந்தப் பழக்கமும் எங்களை விட்டுத் தொலையவில்லை.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஃபெக்டரி வாசலிலிருந்து ஆபீஸ் வரை ஒரு சுற்று. ஏற்ற இறக்கமில்லாத மட்ட ரோடு, காலி லொறி. இறங்கும்போது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மிஸ், லோட் ஏத்திக்கிட்டு மலையில நான் ஓட்டுனதில்லீங்க. பழகுனவங்க யாரோடயாச்சும் ரெண்டு நாள் ஓட விடச் சொல்லுங்க."

"எல்லாம் பழகிரும் தம்பி" என்றேன். தொரையிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. மேசையில் வேலை குவிந்து கிடந்தது; சொன்னால் அவர் மூஞ்சியைக் காட்டுவார் என்ற பயமும் இருந்தது.

மேல் மலையிலிருந்து வரும் பாதையில் ஒரு செங்குத்தான இறக்கம் உண்டு. அதன் அடியில் ஒரு வளைவு. பழைய டிரைவர் இறக்கத்துக்கு முன்னால் லொறியை நிறுத்தி, கதவில் இரண்டு தட்டுத் தட்டுவாராம். கொழுந்துச் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இறங்கி, குறுக்குப் படியில் நடந்து கீழே போய் நிற்பார்கள். லொறி முதல் கியரில் உறுமிக்கொண்டு இறங்கி வந்ததும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். இது எந்த ஃபைலிலும் இல்லை. அந்த லொறியின் பின்பக்கம் ஒரு நாளும் ஏறாத எனக்கும் தெரியாது.

புது டிரைவர் வந்த மூன்றாம் நாள், சாயந்தரத் தூறலில், பெண்கள் "நிப்பாட்டு தம்பி, நாங்க எறங்கிக்கிறோம்" என்று கத்தியிருக்கிறார்கள். ஓட்டத் தெரியாதவன் என்று நினைக்கிறார்களே என்ற ரோசமோ என்னவோ, அவன் நிறுத்தவில்லை. பாண் வேனை இறக்குவதுபோல, கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். பாதி வழியில் கருகிய வாடை வந்தது. "பிரேக் புடிக்கல!" என்று அவன் அலறியதும், பின் ஓரத்தில் இருந்த அக்கா குதித்துவிட்டாள். லொறி மண்மேட்டில் உராய்ந்து, சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறங்கி நின்றது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புத்தான். அக்காவுக்கு வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது.

முதலில் வந்து சேர்ந்த வண்டி எது தெரியுமா? கொழுந்தை ஏற்றிப் போக வந்த டிராக்டர். கொழுந்து சூடேறிக் கெட்டுவிடுமாம். சாக்குகள் எல்லாம் ஏறிப் போன பிறகும், ஓட்டோ வரும்வரை அக்கா ரோட்டோரத்தில் நனைந்துகொண்டு கிடந்தாள்.

டிரைவரை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். விசாரணையை ஆறு வாரம் கழித்து, காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வைத்தார்கள். காலில் கட்டோடு அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"டிரைவர சோதிச்சுப் பாத்துத்தான் எடுத்தோம். நீ குதிக்காம இருந்திருந்தா ஒன்னும் ஆகியிருக்காது" என்ற தொரை, என் கடிதத்தை எடுத்து அக்காவிடமே நீட்டினார்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். "இது எந் தங்கச்சி எழுத்துங்க" என்றாள். பழக்கத்தில் பெருமையாகவே சொல்லிவிட்டாள். பிறகுதான் வாசித்தாள்.

"எனக்கு லொறியப் பத்தி ஒன்னுமே தெரியாதுங்க தொரை" என்றேன். "மட்ட ரோட்டுலதான் போனோம். மலையில ஓட்டுனதில்லன்னு அந்தத் தம்பி எங்கிட்டயே சொல்லிச்சு. ரெண்டு நாள் பழக்கம் கேட்டுச்சு. நாந்தான் மறைச்சிட்டேன்."

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்ட?"

"நீங்க போடச் சொன்னீங்க."

தொரை கடிதத்தை வாங்கி ஃபைலில் வைத்து மூடினார்.

லயத்துப் படியில் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினாள். அவள் பாரம் முழுவதும் என் மேல் இருந்தது. கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"அந்தத் தாள எழுதுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே புள்ள. நாந்தானே தெனம் அதுல போறேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில், பக்கத்துப் பாயில்தான் படுக்கிறோம். நான் கேட்கவில்லை.